பிரஜாவுரிமை யார் இட்ட பிச்சை?

மலையக மக்களின் பிரஜாவுரிமைப் பிரச்சினை தீர்ந்துபோன பழங்கதை என்று சொல்லுவோர் தொகை நாளுக்கு நாள் பெருகி வருகின்றது. 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் எஞ்சியிருந்தோர் எல்லோருக்கும் பிரஜாவுரிமை வழங்கிவிட்டதாம். பத்து நாள்களுக்குள்ளே ஏறக்குறைய 1,90,000 பேர் பத்திரம் பெற்றனராம். இனியும் இதனைப் பேசுவது ஆறிய புண்ணைக் கீறுவதாம். அரசியல் மேடைகளில் இப்படிப் பேசப்படுவதில் வியப்பில்லை. ஆனால் படித்தவர்களும், பத்திரிகைகளில் எழுதுபவர்களும், நம்மோடு ஒரே மேடையில் நின்று இலக்கியம் பேசுபவர்களும் இதே பல்லவியைப் பாடக் கேட்கும்போது நாம் வாளாவிருப்பதற்கில்லை.

'வழங்கியது' என்ற சொல்லை முதலிலே கவனிப்போம். 1986, 1988, 2003 ஆகிய ஆண்டுகளில் நிறைவேறிய மூன்று சட்டங்களும் 'பிரஜாவுரிமை வழங்குதல்' என்ற பெயரையே நெற்றியில் ஒட்டிக்கொண்டு வந்தன. யாரிடமிருந்து பறித்ததை யாருக்கு வழங்கினார்கள்? வீட்டிலே பிறந்தவனை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தியவன், ஐம்பத்தைந்து ஆண்டுகளின் பின் கதவைச் சற்றே திறந்து திண்ணையில் இருக்கச் சொல்லிவிட்டுத் தன்னைக் கொடைவள்ளல் என்று கூறிக்கொண்டால் அதற்குக் கைதட்ட நம்மால் இயலாது. கொடுத்தது கொடையென்றால் பெற்றவன் நன்றிக் கடன் பட்டவனாகிறான். அது அவனுடைய உரிமையென்றால் பறித்தவனே கணக்குக் கொடுக்க வேண்டியவனாகிறான். மலையகத் தமிழர் விவகாரத்தில் இந்த நாடு இன்றுவரை கணக்குக் கொடுக்கவில்லை.

சுதந்திரம் கிடைத்து ஓராண்டு நிறைவதற்குள் இயற்றப்பட்டது 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம். அவ்வாண்டு நவம்பர் 15 ஆம் திகதி அது நடைமுறைக்கு வந்தது. அதன்படி, அத்திகதிக்கு முன் இலங்கை மண்ணிற் பிறந்த ஒருவன் வம்சாவழிப் பிரஜையாகக் கருதப்பட வேண்டுமாயின் அவனுடைய தந்தையும் இலங்கையிற் பிறந்திருத்தல் வேண்டும். அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கு பிறந்திருத்தல் வேண்டும். தான் பிறந்தது போதாது. பிறந்த மண்ணிலேயே வளர்ந்து, உழைத்து, அந்த மண்ணிலேயே தாயைப் புதைத்ததும் போதாது. தாய் எங்கே பிறந்தாள் என்று சட்டம் கேட்கவேயில்லை. தேயிலைக் கொழுந்தை நாடுவது பெண்களின் விரல்கள்; தோட்டத்தின் வருவாய் அவர்களுடைய கூடைகளிலேதான் நிறைந்தது. ஆனால் அவர்களுடைய வயிற்றிற் பிறந்த பிள்ளைக்குத் தாயின் பேரால் ஒரு நாடு கிடையாது. தாய்வழியாகவும் பிரஜாவுரிமை வரலாம் என்று சட்டம் திருத்தப்பட்டதும் 2003 ஆம் ஆண்டிலேதான்.

நம் நாட்டுக் கமக்காரன் ஒருவனை நிறுத்தி, 'உன் பாட்டன் பிறந்த பத்திரத்தைக் காட்டு' என்றால் அவன் என்ன செய்வான்? பிறப்புப் பதிவு என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மெல்ல மெல்ல நம் கிராமங்களுக்கு வந்த வழக்கம். அம்பாந்தோட்டைக் கமக்காரனிடத்தும் அச்சுவேலிக் கமக்காரனிடத்தும் அந்தப் பத்திரம் கேட்கப்படவில்லை. அவன் முகத்தைப் பார்த்தே பிரஜை என்று ஒப்புக்கொண்டார்கள். தோட்டத்து லயத்திலிருந்து வந்தவனிடம் மட்டும் கடதாசி கேட்டார்கள். சட்டத்தின் வாசகத்தில் இந்தியத் தமிழன் என்ற சொல் எங்கும் இல்லை. இருந்திருந்தால் அது நேர்மையான அநியாயமாகவாவது இருந்திருக்கும்.

கடதாசியைப் பற்றிப் பேசும்போது ஒன்றைச் சொல்லாமலிருக்க முடியவில்லை. இந்த மக்களின் வரலாறு முழுவதும் பிறர் எழுதிய சீட்டுகளின் வரலாறாகவே இருக்கின்றது. இந்தக் கரையிலே இறங்கியபோது எந்தத் தோட்டத்துக்கு உரியவர் என்பதைக் காட்டும் தகர வில்லையைக் கழுத்திலே கட்டி அனுப்பிய காலம் ஒன்று இருந்தது. கங்காணியின் கடன் தீர்ந்ததென்று 'துண்டு' எழுதிக் கொடுத்தாலொழிய ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக முடியாதிருந்தது. அந்தத் துண்டு முறை 1921 ஆம் ஆண்டிலேதான் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. ஒவ்வொரு நாட் காலையிலும் பிரட்டுக்களத்திலே நிறுத்தி ஆளெண்ணி, செக்றோலிலே பேர் போட்டார்கள். தோட்டத்துத் தமிழிலே ஒரு நாள் வேலைக்கே 'பேர்' என்றுதான் பெயர். கொழுந்து நிறை குறைந்தால் 'அரைப் பேர்'. துரைமாரின் கொப்பிகளிலே ஒரு நூற்றாண்டுக்கு மேலாக நாள் தவறாமல் பேர் எழுதப்பட்ட மனிதனை, 'நீ இங்கே இருந்தாய் என்பதற்கு அத்தாட்சி எங்கே?' என்று சுதந்திர இலங்கை கேட்டது. அத்தாட்சியோ தோட்டத்துக் கந்தோரின் அலுமாரியில், துரையின் பூட்டுக்குள் இருந்தது.

1949 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானியர் பிரஜாவுரிமைச் சட்டத்தைக் காட்டி, 'வழி திறந்துதானே விடப்பட்டது' என்பார் உளர். அந்த வழியின் அகலத்தைப் பார்ப்போம். 1946 ஜனவரி முதலாந் திகதிக்கு முன் மணமானவர் ஏழாண்டும் மணமாகாதவர் பத்தாண்டும் இடையறாது இங்கு வாழ்ந்ததை நிரூபிக்க வேண்டும். வருமானத்தையும் நிரூபிக்க வேண்டும். இரண்டு ஆண்டுக்குள் விண்ணப்பம் கொடுத்துவிட வேண்டும். எழுத்தறிவற்ற கூலித்தொழிலாளி இதற்கெல்லாம் யாரிடம் போவான்? போனான். எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோரின் பெயரில் விண்ணப்பங்கள் குவிந்தன. பத்தாண்டுக்கு மேலாக விசாரணை நடத்தி ஈற்றில் ஏற்றுக்கொண்டது ஏறக்குறைய 1,34,000 பேரை. ஆறு பேருக்கு ஒருவர் என்ற கணக்குங்கூட இல்லை. 1948 ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இன்னொரு வாசலும் இருந்தது: நாட்டுக்குச் சிறந்த சேவை செய்தோர் எனக் கருதப்படுவோருக்கு ஆண்டொன்றுக்கு இருபத்தைந்து பேர்வரை மந்திரி பிரஜாவுரிமை அளிக்கலாம். தேயிலை நட்டவன் செய்தது சேவையென்று எவருக்கும் தோன்றவில்லை.

இவ்வளவு அவசரம் ஏன்? விடை 1947 ஆம் ஆண்டுத் தேர்தல் முடிவுகளிலே கிடக்கின்றது. தெரிவான 95 பேரில் இலங்கை இந்தியக் காங்கிரசினர் ஏழுபேர். தோட்டங்கள் சூழ்ந்த வேறு பல தொகுதிகளிலும் தொழிலாளியின் வாக்கு இடதுசாரிகளுக்குப் பலமாக அமைந்தது. 1946 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி இந்தியத் தமிழர் சுமார் 7 இலட்சத்து 80 ஆயிரம் பேர், நாட்டு மக்களில் நூற்றுக்குப் பதினொருவருக்குச் சற்று மேல். அன்று அவர்கள் வடக்குக் கிழக்குத் தமிழரினும் தொகையில் அதிகம். இந்த வாக்கு வேலைநிறுத்தம் செய்யத் தெரிந்தவனின் வாக்கு. 1940 இல் முல்லோயாத் தோட்டப் போராட்டத்திலே கோவிந்தன் பொலிசாரின் குண்டுக்கு இரையானதை மறவாதவனின் வாக்கு. ஆண்ட வர்க்கம் அதற்கு அஞ்சியது. 1949 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்கச் சட்டம் பிரஜைகளுக்கு மட்டுமே வாக்கு என்று விதித்தது. 1952 ஆம் ஆண்டுத் தேர்தலிலே மலையகத் தோட்ட மக்களின் பிரதிநிதி என்று ஒருவர்கூட பாராளுமன்றம் செல்லவில்லை. 1947 இல் தலவாக்கொல்லையின் பிரதிநிதியாகச் சென்ற சி. வி. வேலுப்பிள்ளை நம் இலக்கிய வரலாற்றுக்குரியவர். தோட்ட மக்களின் பாடல்களைத் தேடித் தொகுத்தவர். கவிஞன் ஒருவனைத் தெரிந்தெடுத்துப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய மக்களுக்கு அரசியலறிவு போதாதென்று அன்று கூறியோரின் அரசியலறிவை நாம் என்னென்பது!

நீதிமன்றம் போய்ப் பார்த்தார்கள். சோல்பரி அரசியற்றிட்டத்தின் 29 ஆம் பிரிவு, ஓரினத்தாருக்கு இல்லாத தடையை மற்றோரினத்தாருக்கு விதிக்கும் சட்டம் செல்லாது என்று சொல்லியிருந்தது. கோடக்கன்பிள்ளையின் வழக்கு 1953 இல் பிறிவிக் கவுன்சில் வரை சென்றது. தன் மக்கள் யார் என்பதைத் தீர்மானிப்பது எந்தச் சட்டசபைக்கும் இயல்பான அதிகாரமே என்றும், இச்சட்டம் எந்த இனத்தையும் குறிப்பிட்டுத் தடை விதிக்கவில்லை என்றும் தீர்ப்பாயிற்று. சிறுபான்மையினரின் காப்பு என்று சொல்லப்பட்ட பிரிவின் வலு அன்றே தெரிந்துவிட்டது. இனத்தின் பேரைச் சொல்லாமலே இனத்தைத் தாக்கலாம் என்ற பாடத்தை ஆட்சியாளர் நன்றாகக் கற்றுக்கொண்டனர். அன்றிலிருந்து அதனை அவர்கள் மறந்ததாகத் தெரியவில்லை.

இனி நம் வீட்டுக்குள் வருவோம். வாசகர் சிலருக்கு இது கசக்கும், கசக்கட்டும். 1948 ஓகஸ்ட் மாதத்தில் பிரஜாவுரிமை மசோதாவை எதிர்த்த தமிழ்க் காங்கிரசின் தலைவர் ஜி. ஜி. பொன்னம்பலம் செப்டெம்பரிலே மந்திரிப் பதவி ஏற்றார். அதே ஆண்டின் இறுதியில் இந்திய பாகிஸ்தானியர் மசோதா வந்தபோது அவருடைய கை அரசாங்கத்தின் பக்கம் உயர்ந்தது. வடக்குக்கும் கிழக்குக்கும் கைத்தொழில் வந்தது என்று அவருக்காக வாதாடுவோர் இன்றும் உளர். காங்கேசன்துறையிலே சீமெந்து ஆலை வந்தது உண்மை; பரந்தனிலே இரசாயன ஆலை வந்ததும் உண்மை. எட்டு இலட்சம் பேரின் வாக்குச் சீட்டுக்கு எத்தனை அந்தர் சீமெந்து ஈடாகும் என்று அவ்வாதியர் கணக்கிட்டுச் சொல்லட்டும்.

எஸ். ஜே. வி. செல்வநாயகமும் அவரோடு நின்றோரும் பிரிந்து வந்து 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினர். மலையகத் தமிழனுக்கு இன்று செய்தது நாளை வடபுலத் தமிழனுக்கும் செய்யப்படும் என்ற அவர்களுடைய அச்சம் பொய்க்கவில்லை. 1956 இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தபோது பாராளுமன்றத்திலே எதிர்த்துக் கையுயர்த்த மலையகத்தின் எழுவர் இல்லை. அவர்களை வெளியேற்ற உதவியவர்கள் தங்கள் பக்கத்துத் தூணையே பிடுங்கியிருந்தார்கள். இந்த உண்மையைக் கூறும்போதும் ஒன்றைப் பிரித்துச் சொல்ல வேண்டும். மலையகத்தானின் உரிமை யாழ்ப்பாணத்தானுக்குக் கவசமாக உதவும் என்பதற்காகப் பாதுகாக்கப்பட வேண்டியதொன்றன்று. அது அவனுடையது என்பதே போதிய நியாயம்.

கட்சி எதிர்த்தது, சமூகம் என்ன செய்தது? வடபகுதியின் எத்தனை வீடுகளில் தோட்டத்துப் பிள்ளைகள் அடுப்பூதவும் மாட்டுக்குப் புல்லுச் செருகவும் கொண்டுவந்து வைக்கப்பட்டன என்பதை நாம் அறிவோம். 'தோட்டக்காட்டான்' என்ற சொல்லையும் 'வடக்கத்தியான்' என்ற சொல்லையும் சிங்களவர் நமக்குக் கற்றுத் தரவில்லை. சாதியை அளக்கும் நம் பழைய முழக்கோலாலேயே மலையகத்தானையும் அளந்தோம். 1977 இலும் 1983 இலும் அடிபட்டுத் துரத்தப்பட்டு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் வந்தவர்களைக் காட்டோரத்திலே குடியேற்றினோம். கூலி வேண்டியபோது கூப்பிட்டோம். 2009 ஆம் ஆண்டு வன்னியிலே மாண்டோருள் அவர்களின் பிள்ளைகளும் பலர். இறந்தபின் மட்டும் எல்லோரும் தமிழர் என்று எண்ணப்பட்டனர்.

இடதுசாரிகளையும் விட்டுவிட்டுப் போக முடியாது. முற்போக்கு என்ற சொல்லை நாமும் சுமப்பதால் இக்கடன் நமக்கு அதிகம். 1948 இல் என். எம். பெரேராவும் கொல்வின் ஆர். டி சில்வாவும் பீட்டர் கெனமனும் பாராளுமன்றத்திலே இச்சட்டத்தை எதிர்த்து ஆற்றிய பணி மறக்கத்தக்கதன்று. தொழிலாளியை இனம் பார்த்துப் பிரிக்கும் சட்டம் அது என்று துணிந்து எதிர்த்தவர்கள் அவர்கள். ஆனால் 1964 ஒக்டோபர் 30 ஆம் திகதி சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானபோது அதே என். எம். பெரேரா அந்த அரசாங்கத்திலே நிதி மந்திரியாக வீற்றிருந்தார். பதினாறு ஆண்டுகளுக்குள் ஒரு கொள்கை எவ்வளவு தூரம் நடந்துவிட்டது!

அந்த ஒப்பந்தத்தைப் படித்துப் பாருங்கள். 9,75,000 மனிதர்கள் நாடற்றவர் எனக் கணிக்கப்பட்டனர். 5,25,000 பேர் இந்தியாவுக்கு. 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசிக்கொள்ளலாம் என்று விட்டார்கள். பத்தாண்டு கழித்து, 1974 இல், ஆளுக்குப் பாதியாக 75,000 வீதம் அவர்களையும் பிரித்துக்கொண்டார்கள். இந்தியா ஏழுபேரை ஏற்றால் இலங்கை நால்வரைப் பதியும் என்பது விகிதம். இரண்டு கமக்காரர் வேலியோரம் நின்று மாட்டை எண்ணிப் பிரிப்பதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? மாட்டுக்காரனாவது கன்றைத் தாய்ப்பசுவோடு சேர்த்து அனுப்புவான். இங்கே தமையன் இந்தியப் பிரஜை, தம்பி இலங்கைப் பிரஜை என்று ஒரே காம்பராவுக்குள் எல்லைக்கோடு வந்து விழுந்தது. தலைமன்னாரிலே கப்பலேறும்போது எழுந்த அழுகுரலைத் தோட்டத்து முதியோர் இன்றும் சொல்லிச் சொல்லி மாய்கின்றனர். 1984 இல் யுத்தத்தினால் கப்பல் நின்றபோது, இந்தியக் கடவுச்சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு போக முடியாதவர்களாய் பல்லாயிரவர் இங்கேயே நின்றுவிட்டார்கள்.

போனவர்கள் தாய்நாட்டை அடைந்தார்கள் என்று எழுதினார்கள். நீலகிரியிலே, கூடலூரிலும் கோத்தகிரியிலும், அரசாங்கத் தேயிலைத் தோட்டங்களில் அவர்களுக்கு மீண்டும் கொழுந்துக் கூடையே கொடுக்கப்பட்டது. இங்கே 'இந்தியாக்காரன்' என்று துரத்தப்பட்டவன் அங்கே 'சிலோன்காரன்' ஆனான். இரண்டு நாடுகளுக்கிடையே அவனுக்கு வாய்த்தவை இரண்டு வசைப்பெயர்கள். யுத்த காலத்தில் அகதியாகச் சென்று தமிழ்நாட்டு முகாம்களில் தங்கியவர்களுள்ளும் மலையக வழியினர் பல்லாயிரம் பேர் உளர். இந்தியா 2019 இல் இயற்றிய குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்காளதேசம், ஆப்கானிஸ்தான் என்று மூன்று நாடுகளின் பெயரைச் சொல்லிற்று. இலங்கையை அது சொல்லவில்லை. தன் பங்கென்று ஒருகால் தலையெண்ணி எடுத்துக்கொள்ள ஒப்பிய அரசுக்கு அந்தத் தலைகளின் நினைவே இல்லை.

இவ்விடத்திலே ஒரு வாதத்துக்கு நேர்மையாக விடை கூற வேண்டும். கண்டிச் சிங்களக் கிராமத்தான் தன் நிலத்தை இழந்தான், அந்த நிலத்தின்மீதே வந்தேறியை வெள்ளையன் குடியேற்றினான் என்பது அவ்வாதம். முன்பாதி உண்மை. 1840 ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டமும் 1897 ஆம் ஆண்டின் தரிசுநிலச் சட்டமும் கிராமத்தானின் சேனை நிலத்தையும் மேய்ச்சல் காட்டையும் விழுங்கின. அவனுடைய குறை மெய்யான குறை. அதை மறுப்பவன் முற்போக்காளன் ஆகான். ஆனால் விழுங்கியது யார்? தோட்டக் கம்பனியும், அதன் பின்னே அதே காணியை மலிவாக வாங்கிய நம் நாட்டுத் தனவந்தரும். காட்டை வெட்டிக் கோப்பி நட்டவனுக்கும், கோப்பி அழிந்தபின் தேயிலை நட்டவனுக்கும் அதில் ஒரு பேர்ச் நிலங்கூடக் கிடைக்கவில்லை. கிராமத்தான் இழந்த நிலத்தின்மேல் அவன் பத்தடிக் காம்பரா ஒன்றில் இருந்தான். அதுவும் வேலை உள்ளவரைக்கும். 1972, 1975 ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசின் கைக்கு வந்தன. 1992 இல் அவற்றின் நிருவாகம் கம்பனிகளின் கைக்குப் போயிற்று. காணி கைமாறிய ஒவ்வொரு முறையும் தொழிலாளி பார்த்துக்கொண்டுதான் நின்றான். 1977 இல் டெவன் தோட்டத்துக் காணியைப் பிரித்துப் பிறருக்குக் கொடுப்பதை எதிர்த்து நின்ற சிவனு லெட்சுமணன் சுட்டுக் கொல்லப்பட்டான். இரண்டு ஏழைகளையும் மோதவிட்டு மூன்றாமவன் இலாபம் எடுத்த கதையே மலைநாட்டின் கதை.

அறுபதுகளிலே நாம் 'தேசிய இலக்கியம்' என்று முழங்கினோம். மண்வாசனை என்றோம். தமிழகத்து எழுத்தின் நிழலிலிருந்து விடுபட்டு இந்நாட்டு மக்களின் வாழ்வை எழுதுவோம் என்றோம். நல்ல குரல், அதன் பயனை நாம் மறுக்கவில்லை. என். எஸ். எம். இராமையா போன்றோர் மலையகத்தின் கதையை எழுதியபோது அதனை உவந்து வரவேற்றோம். ஆனால் அந்தத் தேசியத்துக்குள் அந்தக் கதைமாந்தருக்கு வாக்கு இருந்ததா என்று நம்மிற் பெரும்பாலோர் உரத்துக் கேட்கவில்லை. கதையிலே அவர்கள் ஈழத்து இலக்கியத்தின் செல்வம், பதிவேட்டிலே நாடற்றவர். கொழுந்துக் கூடையின் அழகை விமரிசனம் செய்த நாம், கூடை சுமந்தவளின் பெயரை நாட்டின் இடாப்பிலே சேர்க்கச் சொல்லிப் போராடியது எத்தனை நாள்? முழக்கம் செய்த தலைமுறையில் இன்று எஞ்சியிருப்போர் சிலரே. அவர்களைக் குறைகூற நாம் இதை எழுதவில்லை. அவர்களின் வழிவந்த நாம் இன்று அதே மௌனத்தை 'பிரச்சினை தீர்ந்தது' என்ற வார்த்தையால் மூடப் பார்க்கின்றோம். அதுதான் பொறுக்க முடியாதது.

தீர்ந்ததா? பிரஜையானபின் என்ன நேர்ந்தது என்று பார்ப்போம். 1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 26 ஆம் உறுப்புரை, வம்சாவழியாலோ பதிவாலோ பெற்றாலும் ஒருவர் எக்காரியத்துக்கும் 'இலங்கைப் பிரஜை' என்றே குறிப்பிடப்படல் வேண்டும் என்கிறது. எழுத்து அழகாயிருக்கின்றது. ஆனால் 1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம், தோட்டத்துக்குள் சபையின் பணத்தைச் செலவிடுவதற்குத் தடையாக இருந்தது. தோட்டத்து மனிதன் சபைக்கு வாக்களிக்கலாம். சபையோ அவனுடைய லயத்துக்குப் போகும் பாதைக்கு ஒரு கூடை கல்லுப் போட முடியாது. அந்தத் தடை நீங்கியது 2018 இல். அதாவது 2003 இல் எல்லாம் தீர்ந்துவிட்டது என்று சொல்லப்பட்ட பின்னரும் பதினைந்து ஆண்டுகள் அவன் அரைப் பேர்ப் பிரஜையாகவே இருந்தான்.

கல்வியைப் பாருங்கள். நாற்பதுகளிலே இலவசக் கல்வி வந்தது. அதற்குச் செலவான பணத்திலே தேயிலை ஏற்றுமதி ஈட்டிக்கொடுத்த பங்கு பெரிது என்பதை யாரும் மறுப்பதற்கில்லை. தேயிலை பறித்தவளின் பிள்ளைக்கோ தோட்டத்துப் பள்ளிக்கூடம் என்ற பெயரில் ஒரு மண்டபமும் ஒரே வாத்தியாரும். அப்பள்ளிகளை அரசாங்கம் படிப்படியாகப் பொறுப்பேற்கத் தொடங்கியதே 1977 அளவில்தான். முப்பது ஆண்டுகளை இழந்த ஒரு சமுதாயத்தைப் பார்த்து, 'ஏன் உங்களில் வைத்தியர் குறைவு, எந்திரி குறைவு?' என்று கேட்கும் துணிவு நம் கனவான்களுக்கு எங்கிருந்து வருகின்றதோ!

காணியைப் பாருங்கள். 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடிற்று. அது ஆபத்தான இடம் என்று முன்பே எச்சரித்தாயிற்றே, ஏன் எழுந்து போகவில்லை என்று மறுநாளே கேட்டார்கள். எங்கே போவது? தன் பெயரில் ஒரு முழ நிலமும் இல்லாதவன் மலையடிவாரத்திலிருந்து எழுந்து எந்த ஊருக்குப் போவான்? சொந்த ஊர் என்ற ஒன்றை இந்நாடு அவனுக்கு எங்கே குறித்து வைத்திருக்கிறது? ஏழு பேர்ச் காணியும் ஒரு சிறு வீடும் என்று திட்டங்கள் வந்துகொண்டிருக்கின்றன. கட்டிய வீடுகளையும் நாம் கண்டோம், அவற்றை இகழவில்லை. ஆனால் இலயத்திலே காத்திருக்கும் குடும்பங்களின் தொகைக்கு முன் அவை கைப்பிடி அரிசி. வீட்டைக் கொடுத்துவிட்டுக் காணியின் உறுதியைப் பிறகு பார்க்கலாம் என்று சொல்லும் பழக்கமும் விட்டபாடில்லை.

தொழிற்சங்கத் தலைவர்களிடமும் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. மாதந்தோறும் சம்பளத்திலே சந்தா வெட்டப்பட்டது. தலைமுறை தலைமுறையாய் வெட்டப்பட்டது. அந்தச் சந்தாவின் பலத்தில் மந்திரிப் பதவிகள் வந்தன. பதவிகள் வந்த அளவுக்குக் காணி உறுதிகள் வந்தனவா?

இன்னும் ஒரு சிறு காரியம். பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்திலே இனம் எழுதும் ஒரு வரி இருக்கிறது. 1911 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பிலே 'இந்தியத் தமிழர்' என்று வெட்டிப் பிரித்த அந்தச் சொல் இன்றும் அந்த வரியிலே எழுதப்படுகின்றது. இங்கே பிறந்து, இங்கே பிறந்த தாய்க்கும் தந்தைக்கும் பிள்ளையான சிசுவின் முதற் பத்திரத்திலேயே இன்னொரு நாட்டின் பெயர்! அதனை வெறுத்து 'இலங்கைத் தமிழர்' என்று பதிந்துகொள்பவர் பலர். அதனால் 2012 ஆம் ஆண்டுக் கணக்கிலே இந்தியத் தமிழர் நூற்றுக்கு நால்வர் அளவுக்குச் சுருங்கினர். கப்பல் கொண்டுபோனது ஒரு பங்கு. வெட்கப்படுத்திய பெயர் கொண்டுபோனது இன்னொரு பங்கு. 'மலையகத் தமிழர்' என்று தம்மை அவர்கள் அழைக்கும்போது, பிரிவினை பேசுகிறார்கள் என்று முகஞ்சுளிக்கும் நண்பர்களை நாம் கண்டிருக்கிறோம். தங்கள் பெயரைத் தாங்களே இட்டுக்கொள்ளும் முதல் வாய்ப்பு அவர்களுக்கு இப்போதுதான் கிடைத்திருக்கிறது. தகர வில்லையும் துண்டும் செக்றோலும் எழுதியவர்கள் வேறு ஆட்கள்.

2023 ஆம் ஆண்டு, தம் முன்னோர் வந்திறங்கி இருநூறாண்டு நிறைந்ததை நினைந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை அம்மக்கள் நடந்தார்கள். முன்னோர் வெறுங்காலுடன் நடந்து, வழியிலே பேதியாலும் பசியாலும் விழுந்து மடிந்த பாதை அது. சிங்கள நண்பர்களும் முஸ்லிம் நண்பர்களும் வழியிலே கூடி நடந்தார்கள் என்பது நமக்கு நம்பிக்கை தருகின்ற செய்தி. அந்த நடையைக் கொழும்பிலே சிலர் 'நன்றி விழா' போன்று வருணித்தபோது நாம் வியந்தோம். நடந்தவர்களின் கையிலிருந்தது கோரிக்கைப் பட்டியல். காணி, வீடு, நியாயமான சம்பளம், தங்கள் மொழியிலே அரச அலுவல், வரலாற்றுக்கு அங்கீகாரம் என்று அது நீண்டது. அதைக் கேட்டவர்கள் பிரஜைகள், கேட்கப்பட்டது பிரஜைக்குரியது. கொடுக்க வேண்டிய அரசாங்கம் தவணை சொல்லிக்கொண்டிருக்கிறது. அதுவரை தோட்டத்துப் பிள்ளைக்கு வரும் நேர்முகப் பரீட்சைக் கடிதம், வீட்டுக்கு இலக்கமில்லாத காரணத்தால், தோட்டத்துக் கந்தோரின் மேசையிலேயே கட்டோடு கிடந்து, பரீட்சை முடிந்த பிறகு அவன் கைக்கு வரும்.